ஏறத் தெரிந்தது, இறங்கத் தெரியவில்லை

2002 மார்ச்சில் அமெரிக்கா பயங்கரவாத எச்சரிக்கைக்கு ஐந்து வண்ணங்களை வகுத்தது. கீழிருந்து மேலாக: பச்சை, நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. ஒன்பது ஆண்டுகள் நீடித்த அந்த ஏற்பாட்டில் நாடு ஒருநாள்கூட மஞ்சளுக்குக் கீழே வரவில்லை.

காரணம் எளிது. நிலையை உயர்த்தி, எதுவும் நடக்காவிட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை. குறைத்த மறுநாள் குண்டு வெடித்தால் கையெழுத்துப் போட்டவர் பதவி போய்விடும். செய்தி ஊடகமும் அதே பக்கம்தான் சாய்ந்தது. உயர்த்தினால் மாலைச் செய்தியில் முதலிடம். குறைத்தால் நடுவே ஓரிரு வரி. அச்சம் மக்களை முழுதாகப் போய்ச் சேர்ந்தது, ஆறுதல் பாதி வழியில் நின்றது.

2003 பிப்ரவரி 7 அன்று ஆரஞ்சு. மூன்று நாள் கழித்து, மூன்று நாளுக்கான உணவும் நீரும், ஜன்னலை அடைக்க பிளாஸ்டிக் விரிப்பும் ஒட்டும் டேப்பும் வாங்கி வைக்கச் சொன்னார்கள். கடைகளில் டேப் தீர்ந்தது. எங்கே, எப்போது, என்ன ஆபத்து என்பதை வண்ணம் சொல்லவில்லை. அதுதான் அடிப்படைக் கோளாறு.

2004 ஆகஸ்ட் 1 எச்சரிக்கை நியூயார்க், நியூஜெர்சி, வாஷிங்டன் நிதி நிறுவனங்களைக் குறிப்பிட்டுச் சொன்னது. ஆனால் தகவலில் பெரும்பகுதி மூன்று நான்கு ஆண்டு பழையது என்று சில நாளிலேயே வெளிவந்தது. அதிபர் தேர்தலுக்கான எதிர்க்கட்சி மாநாடு முடிந்து மூன்றே நாள் ஆகியிருந்தது. நிலை குறைக்கப்பட்டதோ தேர்தல் முடிந்து எட்டு நாள் கழித்து. உள்நோக்கம் இருந்ததாக நிரூபிக்க முடியாது. ஆனால் ஆதாரம் ரகசியமாகவும், அறிவிப்பவர் போட்டியிடும் அரசாகவும் இருந்தால் சந்தேகம் எழாமல் இருக்காது. அடுத்த உண்மையான எச்சரிக்கையை மக்கள் நம்பாமல் போவதே இதன் பெரிய இழப்பு. ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் அடுத்த வாரம் அன்றைய அதிபர் புஷ்ஷின் ஆதரவு சராசரியாக 2.75 புள்ளி ஏறியதாக, கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகளை வைத்துச் சமூகவியலாளர் ராப் வில்லர் 2004இல் கணக்கிட்டார்.

2011 ஏப்ரலில் வண்ணங்கள் போயின. புதிய முறையில் இரண்டே நிலைகள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் காலாவதித் தேதி உண்டு. இனி குறைப்பதற்கு யாருக்கும் துணிச்சல் வேண்டாம். நீட்டிக்கத்தான் காரணம் காட்ட வேண்டும். நான்கரை ஆண்டுக்கு மேல் ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. 2015 டிசம்பரில் பொதுவான போக்குகளைச் சொல்ல 'அறிவிக்கை' என்ற மூன்றாவது வகையைச் சேர்த்தார்கள். முதல் அறிவிக்கை ஆறு மாதத்துக்கு. அது முடியும் தறுவாயில் அடுத்தது வந்தது, அதன்பின் இன்னொன்று.