கதண்டு வண்டு இல்லை, வண்டுக்குக் கொடுக்கும் இல்லை

பனைமரத்துக் கதண்டுக் கூடு கலைந்து நாலு பேர் கொட்டு வாங்கினால் மறுநாள் செய்தி ‘விஷ வண்டு கடித்தது’ என்றுதான் வருகிறது. உடனே வேலூர் மாவட்டத்து அமிர்தி, பீஞ்சமந்தை பக்கம் காட்டுக்குப் போய்வந்தவர்களிடமிருந்து எனக்குப் படங்கள் வரத் தொடங்கும். செருப்பால் நசுக்கிய பொன்வண்டு, கால் பிய்ந்த காண்டாமிருக வண்டு. “இதுதானே சார் அந்த விஷ வண்டு?”

இல்லவே இல்லை. கொட்டியது கதண்டு. அது குளவி இனம். குளவிக்கு நாலு சிறகும் கண்ணாடித் தாள் மாதிரி இருக்கும், இடுப்பு ஒடுங்கியிருக்கும், வால் நுனியில் கொடுக்கு இருக்கும். வண்டுக்கு முன்சிறகு இரண்டும் கெட்டியான மூடி. முதுகின் நடுவில் இரண்டும் நேர்கோடாகச் சேரும். பறக்கிற சிறகு அதற்கு அடியில் மடிந்து கிடக்கும். எந்த வண்டுக்கும் வாலில் விஷக்கொடுக்கு கிடையாது. பேர் மாறினால் என்ன என்று கேட்காதீர்கள். ‘வண்டுக்கடிதானே’ என்று சுண்ணாம்பு தடவி, மந்திரித்து ஒரு பகலைப் போக்கிவிடுகிறார்கள். கதண்டு பல இடத்தில் கொட்டினால் சிறுநீரகமே கெடலாம். முகமோ உதடோ வீங்கினாலும், மூச்சு இரைத்தாலும், சிறுநீர் கறுத்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வலி குறைந்துவிட்டது என்று வீட்டில் உட்காராதீர்கள். தோலில் வருகிற தடிப்புக்கெல்லாம் ‘வண்டுகடி’ என்று பேர் வைத்திருக்கிறோமே, அதில் பெரும்பாலானவற்றுக்கும் வண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

அடையாளம் காண முதலில் முதுகைப் பாருங்கள். நடுவே நேர்கோடு இருந்தால் வண்டு. சிறகு நுனிகள் மெல்லிய தோலாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து, தலைக்கு அடியில் ஊசி மாதிரி உறிஞ்சுகுழல் மடங்கியிருந்தால் நாவாய்ப்பூச்சி. அடுத்தது மீசை, அதாவது தலையில் இருக்கும் உணர்கொம்பு. உடம்பை விட நீளமாக இருந்தால் நீள்கொம்பு வண்டு. நுனி விசிறி மடிப்பாக விரிந்தால் சாண வண்டு, காண்டாமிருக வண்டுக் குடும்பம். தலையே மூக்காக நீண்டு, அதிலிருந்து முழங்கை மாதிரி மடங்கிய மீசை வந்தால் கூன்வண்டு. நிறத்தை மட்டும் நம்பிப் பேர் சொல்லாதீர்கள். பொன்வண்டின் பச்சை, பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப மாறும். பத்து மடங்கு உருப்பெருக்கி இருந்தால் பாதத்தின் கணுக்களை எண்ணலாம். முன்கால், நடுக்காலில் ஐந்தும் பின்காலில் நாலும் இருந்தால் கொப்புள வண்டா என்று சந்தேகப்பட வேண்டும்.

நம் பக்கம் கையை விலக்கிக்கொள்ள வேண்டிய வண்டுகள் சில உண்டு. மழைக்குப் பிறகு பூக்களில் மேயும் கொப்புள வண்டு கறுப்பாக, குறுக்கே ஆரஞ்சுப் பட்டைகளோடு இருக்கும். பிடித்தால் கால் மூட்டிலிருந்து மஞ்சள் துளி கசியும். அதில் உள்ள காந்தாரிடின் என்ற நச்சு பட்ட இடத்தில் சில மணி நேரம் கழித்துக் கொப்புளம் எழும். அது கடியில்லை. சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கொப்புளத்தைக் குத்தாதீர்கள். அந்தி சாய்ந்தபின் தரையில் ஓடும் பெரிய கறுப்பு வண்டுக்கு முதுகில் ஆறு வெள்ளைப் புள்ளி இருந்தால் குனிந்து பார்க்காதீர்கள். ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு நேரே கண் மருத்துவரிடம் போங்கள். விளக்கைத் தேடி வரும், எறும்பு மாதிரி ஒல்லியான, ஆரஞ்சும் கறுப்புமான பூச்சியும் வண்டுதான். அதன் மூடிச் சிறகு குட்டையானது. கழுத்தில் உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளுங்கள். நசுக்கினால்தான் தோல் வெந்துபோகும்.

படம் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து உயிரோடு எடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு எதிரே ஒன்று. பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் வையுங்கள், அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். ஃபிளாஷ் வேண்டாம், மினுக்கும் உடம்பில் வெள்ளைத் திட்டுதான் விழும், குடை நிழல் போதும். எந்தச் செடி, எந்த ஊர், எந்தத் தேதி என்று எழுதுங்கள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் பிடித்துக்கொண்டு வராதீர்கள்.

தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்க்கும் பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். பொழுது சாய்வதற்குள் பிடித்த மரத்திலேயே விடச் சொல்லுங்கள். அது மண்ணில் முட்டையிட வேண்டும், புழு மண்ணுக்குள் வேரைத் தின்று வளர வேண்டும். தீப்பெட்டியில் இட்ட முட்டை அப்படியே காய்ந்துபோகிறது.