எக்ஸ் ஸ்குவேரும் (x²) டூ பவர் எக்ஸும் (2ˣ) ஒன்றல்ல, கண்ணுகளா!

இந்தத் தப்போடு இந்த மாதத்தில் இது நான்காவது தாள். பையன் சிங்கப்பூர்ப் பள்ளியில் உயர்நிலை 3, மண்டு இல்லை. அட்டவணை இல்லாமல் எக்ஸ் ஸ்குவேரின் உருவத்தை மட்டும் வரையச் சொன்ன கேள்வி. வலப்பக்கம் அழகாக ஏறுகிறது. இடப்பக்கமோ டூ பவர் எக்ஸ் மாதிரி அச்சை ஒட்டிப் படுத்துவிட்டது. ரப்பர் தேய்த்த கறைகூட இல்லை, அவ்வளவு நம்பிக்கை.

"ஏன்டா இப்படி?"

"ரெண்டும் ஒண்ணுதானே சார்? போட்டுப் பார்த்தேன். 2 போட்டா ரெண்டுலயும் 4. 4 போட்டா ரெண்டுலயும் 16."

தலையில் கை வைத்துக்கொண்டேன். சொன்னது பொய்யில்லை, அதுதான் கொடுமை. முழு எண்களில் இரண்டும் ஒத்துப்போகும் இடங்கள் அந்த இரண்டுதான், பையன் சரியாக அங்கேயே போய் விழுந்திருக்கிறான்! 3 போட்டிருந்தால் 9, 8. ஐந்தில் 25, 32. பத்தில் 100, 1024. மைனஸ் 3 போட்டிருந்தால் விஷயமே முடிந்தது: ஒன்று 9, இன்னொன்று எட்டில் ஒரு பங்கு.

வளைந்து மேலே போவதெல்லாம் ஒரே சாதி என்று யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ! வளைவைப் பார்க்காதீர்கள், ஏறும் விதத்தைப் பாருங்கள். எக்ஸ் ஸ்குவேர் 0, 1, 4, 9, 16 என்று போகும். கழித்தால் 1, 3, 5, 7. வித்தியாசம் ஒவ்வொரு முறையும் இரண்டிரண்டாகக் கூடுகிறது. இருபடிச் சார்பின் அடையாளம் இதுதான். டூ பவர் எக்ஸ் 1, 2, 4, 8, 16. இங்கே கழிக்காதீர்கள், வகுங்கள். எப்போதும் 2. இடப்பக்கம் போகப்போகப் பாதி பாதியாகக் குறையும், பூஜ்ஜியத்தைத் தொடவே தொடாது. எக்ஸ் ஸ்குவேர் பூஜ்ஜியத்தைத் தொட்டுவிட்டு மறுபக்கமும் ஏறும்.

நேர்கோட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கழித்தால் ஒரே எண் வரும். ஆனால் டாக்சிக் கட்டணத்தை நேர்கோடு என்று எழுதாதீர்கள். டாக்சி மீட்டர் சில நூறு மீட்டருக்கு ஒருமுறை குதிக்கிறது. அது படிக்கட்டு.

ஒன்றின் கீழ் எக்ஸ் (1/x) வரையும்போது ரூலரை எடுத்து வளைவின் இரண்டு துண்டையும் நடுவில் இணைக்கிறவர்களே, பூஜ்ஜியத்தால் வகுக்கக்கூடாது என்று தொடக்கப்பள்ளியிலேயே சொன்னார்களே, மறந்துவிட்டதா? ரூலரைப் பைக்குள் வையுங்கள்.

பரீட்சைக்கு மட்டும்தானே என்று பெற்றோரும் ஒதுங்க வேண்டாம். அந்தப் பையனின் அப்பா, சம்பளத்திலிருந்து போகும் கட்டாயச் சேமிப்பைப் பற்றிக் கேட்டார்: "மத்திய சேமநிதி சாதாரணக் கணக்குல வருஷத்துக்கு 2.5 விழுக்காடு. அப்ப பணம் ரெண்டு மடங்காக 40 வருஷமா சார்?" நேர்கோடாக இருந்தால் 40தான். வட்டிக்கு வட்டி சேர்கிறதே, அதனால் அதே விகிதத்தில் ஏறக்குறைய 28. அடுத்த 28 ஆண்டில் நான்கு மடங்கு. ஏறும் விதத்தைப் பார்க்காமல் மகன் செய்த தப்பையேதான் அவரும் செய்தார். இரண்டு பேரிடமும் அதைச் சொல்லவில்லை.

உருவத்தை வரையுமுன் மூன்றே எண்களைப் போட்டுப் பாருங்கள்: ஒரு மைனஸ் எண், பூஜ்ஜியம், ஒரு பெரிய எண். அரை நிமிட வேலை. அம்மாமார்களே, தயவுசெய்து இன்னொரு அசெஸ்மென்ட் (பயிற்சி) புத்தகம் வாங்கி அடுக்காதீர்கள். இருப்பதிலேயே பாதி வெள்ளையாகக் கிடக்கிறது.

அந்தப் பையனை நேற்று மைனஸ் 3 போடச் சொன்னேன். "மைனஸ் 9 வருது சார்" என்று கால்குலேட்டரை நீட்டினான். அடைப்புக்குறி போடவில்லை. அது அடுத்த சனிக்கிழமைக்கு.