குட்டையாகக் கட்டு: ஆன்டிகுவா தேவாலயங்களின் கணக்கு

லா மெர்செத் தேவாலயத்தின் மஞ்சள் பூச்சும் வெள்ளைச் சுதைவேலையும் கண்ணைப் பறிக்கும். மணிக்கூண்டுகள்தான் கொஞ்சம் ஏமாற்றம். யாரோ தலையில் தட்டி அமுக்கியதுபோல் குட்டையாக, பருமனாக நிற்கின்றன. 1767-இல் கட்டி முடித்த இந்தக் கோயில், ஆறே ஆண்டில் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் ஆன்டிகுவா நகரத்தையே குலைத்துப்போட்ட நிலநடுக்கத்தில் பெரிய சேதமில்லாமல் தப்பியது.

ஸ்பானியர்களின் முந்தைய தலைநகரை 1541-இல் ஆகுவா எரிமலைச் சரிவிலிருந்து வந்த சேற்றுவெள்ளம் அழித்தது. அதற்குப் பயந்து 1543-இல் ஆன்டிகுவா இருக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். ஆனால் தெற்கே பசிபிக் பக்கம், பூமியின் மேலோட்டுப் பாளங்களில் ஒன்றான கோகோஸ் தட்டு கரீபியன் தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டே இருக்கிறது. வடக்கே நிலம் நழுவும் மோத்தாகுவா பிளவு. நல்ல இடம் பார்த்தார்கள் போங்கள்! 1717, 1751, 1773 என்று நிலநடுக்கங்கள், அடிமேல் அடி. கடைசி அடிக்குப் பிறகு, 1776-இல், தலைநகர் இன்றைய குவாத்தமாலா சிட்டிக்கு மாறியது.

சரி, குட்டையாக இருந்தால் என்ன லாபம்? நிலம் பக்கவாட்டில் இழுபடும்போது சுவரின் அடிப்பகுதி அதோடு நகர்கிறது. மேல்பகுதி நிலைமத்தால் பின்தங்குகிறது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசைக்குச் சட்டென்று விரிசல் விடும். விரிசல் விட்ட தனிச்சுவர் அடிவிளிம்பை ஊன்றி ஆடத் தொடங்கும். அதற்குத் தேவையான முடுக்கம், தோராயமாக, தடிமனை உயரத்தால் வகுத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். 10 மீட்டர் உயரச் சுவர் 1 மீட்டர் தடிமன் என்றால் புவியீர்ப்பில் பத்தில் ஒரு பங்கு போதும். 3 மீட்டர் தடிமன் என்றால் பத்தில் மூன்று பங்கு வேண்டும்.

இந்தக் கணக்கில் எடை வரவே இல்லை, கவனித்தீர்களா? கனமான சுவர் அசையாது என்றுதான் நமக்குத் தோன்றும். எடை கூடினால் நிலநடுக்கம் அதன்மேல் செலுத்தும் விசையும் அதே விகிதத்தில் கூடிவிடுகிறது. காப்பாற்றுவது தடிமனுக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்தான். 1736-இல் திறந்த கபூச்சினாஸ் மடத்தின் முற்றத்தில் உள்ள கட்டைத் தூண்களைப் பார்த்தால், அக்காலக் கொத்தனார்களுக்குச் சமன்பாடு இல்லாமலே இது பிடிபட்டிருந்தது தெரியும்.

அப்புறம் கூரை. பழைய பேராலயத்தின் பின்பக்க இடிபாட்டில் பெரிய செங்கல் வளைவுகள் நிற்கின்றன, அவற்றுக்கு மேலே வானம். வளைவானாலும் குவிமாடமானாலும் தன் கால்களை எப்போதும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். இரு பக்கச் சுவர்களும் வேறுவேறு தாளத்தில் ஆடி இடைவெளி அகன்றால், உச்சியில் வெடிப்பு திறந்து கூரை கீழே வந்துவிடும். மேலிருந்த பாரம் போனதும், மிஞ்சிய தூண்களை அடுத்த அதிர்வு தள்ளும் விசையும் குறைகிறது.

1976 பிப்ரவரி 4 அன்று மோத்தாகுவா பிளவு 7.5 அளவில் நழுவியபோது குவாத்தமாலாவில் சுமார் 23,000 பேர் இறந்தார்கள். மண்கல் சுவரின்மேல் கனமான ஓட்டுக்கூரை சுமந்த வீடுகள் ஏராளமாக இடிந்தன.