ஆவியெண்ணெயும் மீநுண்பொதியும்: ஒரு சொல் விளக்கம்

"அத்தியாவசிய எண்ணெய்களின் நானோ துகள் விநியோகம்." இப்படி ஒரு தலைப்பைப் பார்த்தால், தட்டுப்பாட்டுக் காலத்தில் யாரோ எண்ணெய் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள் என்றுதான் தோன்றும். சொல்லவந்த செய்தியோ வேறு. மூலிகையிலிருந்து வடித்தெடுத்த, எளிதில் ஆவியாகும் எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத துகளுக்குள் பொதிந்து, உடலில் வேண்டிய இடத்துக்குக் கொண்டு சேர்ப்பது என்பதே அது. தலைப்பிலுள்ள சொற்களில் பாதிக்கு மேல் வழி தவறியவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் குற்றவாளி, 'அத்தியாவசிய' என்று பெயர்க்கப்பட்ட 'எசென்ஷியல்'. இன்றைய ஆங்கிலத்தில் அதற்கு 'இன்றியமையாத' என்பது பரவலான பொருள். ஆனால் எண்ணெயோடு ஒட்டியபோது அதற்கு அந்தப் பொருள் இல்லை. 'எசென்ஷியா' என்ற இலத்தீன் சொல்லுக்கு இருப்பு, உள்ளியல்பு என்று பொருள். நிலம், நீர், தீ, காற்று என நான்கு பூதங்களை எண்ணிய கிரேக்கர் மரபில், அவற்றுக்கும் அப்பாற்பட்ட நுட்பமான ஐந்தாவது ஒன்று உண்டு. இலத்தீனில் அதை 'குவிண்டா எசென்ஷியா', அதாவது 'ஐந்தாம் சாரம்' என்றார்கள். இரசவாதிகள் அதை மருந்துக்கு இழுத்து வந்தார்கள். ஒரு பொருளை வாலை என்னும் வடிகலத்தில் இட்டு வடித்தால் மேலேறி வருவது அதன் சாரம், அதன் உயிர் என்பது அவர்கள் நம்பிக்கை. 16ஆம் நூற்றாண்டில் சுவிஸ் மருத்துவர் பாரசெல்சஸ், மருந்தில் வேலை செய்யும் பகுதியை இந்தப் பெயரால் குறித்தார். ஆகவே இது சாரத்தின் எண்ணெய். உடலுக்கு இன்றியமையாதது என்ற உரிமை எதையும் அது கொண்டாடவில்லை. இன்றியமையாக் கொழுப்பு அமிலம் என்பதில் வரும் 'எசென்ஷியல்' வேறு. அங்கே உண்மையிலேயே உடலால் தயாரிக்க முடியாதது என்று பொருள். இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லால் பெயர்ப்பது வாசகரைத் தவறான மருந்துக்கு அனுப்பும்.

'எண்ணெய்' என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. எள்ளின் நெய் எண்ணெய். வடமொழியில் திலத்திலிருந்து வந்தது தைலம். ஆங்கிலத்தின் 'ஆயில்' ஆலிவிலிருந்து வந்தது. மூன்றுமே வித்திலோ கனியிலோ பிழிந்த கொழுப்பைக் குறிக்கப் பிறந்தவை. நாம் பேசும் எண்ணெயில் கொழுப்பே இல்லை. தாளில் ஒரு சொட்டு விட்டால், நல்லெண்ணெய் கறையாகத் தங்கிவிடும். கலப்படமில்லாத யூகலிப்டஸ் எண்ணெய் சற்று நேரத்தில் பறந்துபோகும். வேதியியல்படி இது டெர்பீன்கள், பீனால்கள், ஆல்டிகைடுகள் போன்ற சிறு மூலக்கூறுகளின் கலவை. கிராம்பில் யூஜினால், ஓமத்தில் தைமால், யூகலிப்டஸில் சினியோல், இலவங்கப்பட்டையில் சின்னமால்டிகைடு என்று ஒவ்வொன்றிலும் ஒன்று முன்னிற்கும். நீரோடு கலக்காது என்ற ஒரே ஒற்றுமையால்தான் 'எண்ணெய்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர் ஊன்றிவிட்டதால் இனி அதைப் பிடுங்க வேண்டியதில்லை.

சரியான தமிழ் எது? 'நறுமண எண்ணெய்' பரவலாக இருக்கிறது, கேட்கவும் இனிமை. ஆனால் பூண்டிலிருந்தும் பெருங்காயத்திலிருந்தும் எடுப்பதும் இதே வகை எண்ணெய்தான். அதை முகர்ந்தவர் 'நறு' என்று சொல்லத் தயங்குவார். 'வாசனை எண்ணெய்' தலைக்குத் தேய்ப்பதை நினைவூட்டுகிறது. 'தைலம்' சித்த, ஆயுர்வேத வழக்கில் பெரும்பாலும் மூலிகையை எண்ணெயில் இட்டுக் காய்ச்சியது, அது ஆவியாகாது. நீலகிரித் தைலம் போன்ற பெயர்களால் இந்த வேறுபாடு ஏற்கெனவே மங்கியிருக்கிறது, மேலும் மங்கவைக்க வேண்டாம். என் வாக்கு 'ஆவியெண்ணெய்' என்பதற்கே. தமிழில் ஆவி என்றால் நீராவியும்தான், உயிரும்தான். இரசவாதிகள் சாரம் என்று சொல்ல முயன்றதும், வேதியியலார் எளிதில் ஆவியாகும் தன்மை என்று அளப்பதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. பொது வாசகருக்கு எழுதும்போது முதல்முறை 'நறுமண எண்ணெய் எனப்படும் ஆவியெண்ணெய்' என்று அறிமுகம் செய்தால் போதும்.

ஆவியாவதே மருத்துவத்தில் தொல்லையும் கூட. ஆய்வகத் தட்டில் பல ஆவியெண்ணெய்கள் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அடக்குகின்றன. நுண்ணுயிரியின் படலத்துக்குள் புகுந்து அதை ஒழுகவைப்பது அவை வேலை செய்யும் வழிகளில் ஒன்று. மருந்தாக்க முனைந்தால் கதை மாறுகிறது. நீரில் அவ்வளவாகக் கரைவதில்லை, திறந்துவைத்தால் பறக்கிறது, ஒளியும் உயிர்வளியும் (ஆக்சிஜன்) பட்டால் சிதைகிறது. இந்த எண்ணெய்களில் உள்ள லிமோனீன், லினலூல் போன்றவை காற்றில் ஆக்சிகரணம் அடைந்தால் தோலில் ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களாகின்றன. செறிவாகப் பூசினால் எரிச்சல், நீர்த்தால் பயன் குறைவு. இந்த இக்கட்டுக்குத்தான் துகளை நாடுகிறார்கள்.

'நானோ' கிரேக்கச் சொல். குள்ளன் என்று பொருள். 1960இல் நடந்த எடை, அளவுகளுக்கான பொது மாநாடு அதை நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் முன்னொட்டாக ஏற்றது. 'நானோ தொழில்நுட்பம்' என்ற தொடரை 1974இல் ஆக்கியவர் ஜப்பானிய அறிவியலர் நோரியோ தானிகுச்சி. தமிழில் குள்ளத்துக்கு 'குறள்' என்ற பழஞ்சொல் உண்டு. ஆனால் அதைக் கேட்டதும் இரண்டடிப் பாவே நினைவுக்கு வரும் என்பதால் அந்த வழி அடைபட்டுவிட்டது. 'நுண்துகள்' என்று எழுதுவோர் கவனிக்க வேண்டும்: நுண்ணோக்கி, நுண்ணுயிர் என 'நுண்' ஏற்கெனவே 'மைக்ரோ'வுக்குப் போய்விட்டது. காற்று மாசுச் செய்திகளில் வரும் 2.5 மைக்ரோமீட்டர் நுண்துகள், 2,500 நானோமீட்டர். நானோ துகளுக்குப் பொதுவாகச் சொல்லும் வரம்பு 1 முதல் 100 நானோமீட்டர். மருந்தியலில் சில நூறு நானோமீட்டர் வரையும் தாராளமாக இந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள். எனவே 'மீநுண்துகள்' பொருத்தமானது. 'நானோ துகள்' என்றே எழுதினாலும் பிழையில்லை.

அடுத்தது, துகளுக்குள் அடைப்பதைக் குறிக்கும் 'என்காப்சுலேஷன்'. இதற்கு 'உறையிடல்' என்பதைவிடப் 'பொதிதல்' நன்று. பொதிதல் உள்ளே வைத்து மூடுவது. பொதி என்பது சுமந்து செல்லும் மூட்டை. அடைப்பதும் சுமப்பதும் ஒரே வேரில் கிடைக்கும்போது வேறு எங்கே தேடுவது? 'டெலிவரி'க்கு விநியோகம் வேண்டாம், 'சேர்ப்பித்தல்' போதும். 'மீநுண்பொதிவழி ஆவியெண்ணெய் சேர்ப்பிப்பு' என்றால் முழுத் தொடரும் வந்துவிடுகிறது.

பொதிகள் பலவகை. எண்ணெயைப் பரப்பியக்கியின் (சோப்பு போல எண்ணெயையும் நீரையும் இணைக்கும் பொருள்) துணையோடு நீரில் மிகச் சிறு துளிகளாகச் சிதறடித்தால் மீநுண்பால்மம் ('நானோ எமல்ஷன்'). 1 மில்லிமீட்டர் துளியை 100 நானோமீட்டர் துளிகளாக உடைத்தால் ஒரு லட்சம் கோடி துளிகள் கிடைக்கும்; மொத்தப் புறப்பரப்பு 10,000 மடங்காகும். தொடும் பரப்பு கூடுவதால் வினையும் கூடுகிறது. 1960களில் பிரிட்டன் அறிவியலர் ஆலெக் பாங்ஹாம் விளக்கிய லிப்போசோம், உயிரணுப் படலம் போன்ற கொழுப்புக் குமிழி. இறால், நண்டு ஓட்டின் கைட்டினிலிருந்து வரும் கைட்டோசான் நேர்மின்னேற்றம் உடையது. எதிர்மின்னேற்றமுள்ள சளிப்படலத்திலும் பாக்டீரியாவின் மேற்பரப்பிலும் ஒட்டிக்கொண்டு, எண்ணெயை மெல்ல மெல்ல விடுவிக்கும். சைக்ளோடெக்ஸ்ட்ரின் நடுவில் குழிந்த சர்க்கரை வளையம். வெளிப்புறம் நீரை விரும்பும், உட்குழி எண்ணெயை விரும்பும். கறாராகச் சொன்னால் அது துகள் அன்று, தனி மூலக்கூறு.

ஆவியெண்ணெய்ப் பால்மத்துக்கு ஒரு சொந்தப் பகை உண்டு. இந்த எண்ணெயின் மூலக்கூறுகள் நீரில் மிகச் சிறிதளவு கரையும். அந்தச் சிறிதளவு போதும்: சிறு துளியிலிருந்து கரைந்து வெளியேறி, பெரிய துளியில் சேர்ந்துகொள்ளும். சிறியது தேய, பெரியது கொழுக்க, கடைசியில் மீநுண் என்ற பெயரே பொருளிழக்கும். 1909இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டின் பெயரால் இது அறியப்படுகிறது. தமிழில் 'துளிப்பருத்தல்' எனலாம். நீரில் கரையவே கரையாத சாதாரணத் தாவர எண்ணெயைச் சிறிது கலந்தால் இது மட்டுப்படும்.

ஆய்வறிக்கைகளைப் படிப்போர் இரண்டு விழுக்காடுகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 10 மில்லிகிராம் எண்ணெய் எடுத்து, அதில் 8 மில்லிகிராம் 100 மில்லிகிராம் பொதிப்பொருளுக்குள் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். பொதிவுத் திறன் 80 விழுக்காடு. கிடைத்த துகளில் எண்ணெயின் பங்கோ 7 விழுக்காட்டுக்குச் சற்று மேல், இது சுமையளவு. முதல் எண்ணை மட்டும் விளம்பரப்படுத்துவோர் உண்டு.

உரிமம் பெற்ற மீநுண்மருந்துகள் இல்லாமல் இல்லை. லிப்போசோமில் பொதிந்த டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்துக்கு அமெரிக்கா 1995இல் ஒப்புதல் அளித்தது. ஆவியெண்ணெய்ப் பொதிகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆய்வகத் தட்டிலும் விலங்குச் சோதனையிலும் நிற்கின்றன. 'மூலிகை' என்பதால் தீங்கில்லை என்ற எண்ணமும் இங்கே உதவாது. யூகலிப்டஸ் எண்ணெயை விழுங்கிய சிறு குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். உறிஞ்சப்படும் அளவைக் கூட்டுவதே பொதியின் நோக்கம் என்றால், நஞ்சின் அளவையும் அது கூட்டலாம். பழைய அளவை அப்படியே புதிய வடிவத்துக்குப் பொருத்த முடியாது.

இறுதியாக, அடிக்கடி சேர்த்துக் குழப்பப்படும் இன்னொரு துறை. இலைச்சாற்றை வெள்ளி உப்புக் கரைசலில் சேர்த்து வெள்ளித் துகள்களை உண்டாக்குவதையும் 'மூலிகை நானோ' என்றே எழுதுகிறார்கள். அங்கே தாவரப்பொருள் கரைசலில் மின்னேற்றத்துடன் இருக்கும் வெள்ளி அயனியை உலோக வெள்ளியாக மாற்றுகிறது, பிறகு துகளின் மேல் ஓரளவு போர்வையாகப் படிகிறது. எண்ணெய் உள்ளே பொதியப்படவில்லை, எங்கும் சேர்ப்பிக்கப்படவும் இல்லை. அதற்குத் 'தாவரவழி மீநுண்துகளாக்கம்' என்று தனிப்பெயர் இருக்கட்டும்.