கணினிப் பிரிவின் ‘டிக்கெட்’: தமிழில் பணிச்சீட்டு

பிரிண்டர் ஓடவில்லை என்று அலுவலகக் கணினிப் பிரிவுக்குப் போன் செய்தால் முதலில் வரும் கேள்வி, “டிக்கெட் போட்டீங்களா?”

இந்த டிக்கெட், ஒரு பழுதையோ தேவையையோ எண் கொடுத்து எழுதிவைக்கும் பதிவு. சொன்னது யார், எந்த எந்திரம், எத்தனை மணிக்கு, யார் கையில் இருக்கிறது, என்னென்ன செய்து பார்த்தார்கள், எப்போது முடிந்தது என்பதெல்லாம் அந்த ஓர் எண்ணின் கீழ் இருக்கும். பேருந்து டிக்கெட்டின் வேலை இறங்கியதும் முடிந்துவிடும். இதுவோ முடிந்த பிறகும் பயன்படும். அடுத்த முறை அதே கோளாறு வரும்போது முதலில் தேட வேண்டியது பழைய டிக்கெட்டுகளைத்தான்.

சொல்லின் வேர் பழைய பிரெஞ்சில் இருக்கிறது. குத்து, ஒட்டு என்று பொருள்படும் ஒரு வினையிலிருந்து, பொருள் மீதோ சுவர் மீதோ ஒட்டிவைக்கும் குறிப்புத் தாளுக்குப் பெயர் பிறந்தது. முதலெழுத்து தேய்ந்து, 16ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்தில் டிக்கெட் ஆயிற்று. சபை நாகரிகத்தைக் குறிக்கும் ‘எட்டிக்கெட்’ அதன் உடன்பிறப்பு. காசு கொடுத்து உள்ளே போகும் அனுமதி என்பது பிற்பாடு ஏறிய பொருள். கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டது பழைய பொருளை. தொலைபேசி நிறுவனங்களில் லைன் பழுதை ஒரு தாளில் குறித்து, சரிசெய்யப் போகும் ஆளிடம் கொடுப்பார்கள். அதற்கு ‘டிரபிள் டிக்கெட்’ என்று பெயர். தாள் போய்த் திரை வந்தது, பெயர் மாறவில்லை. ஜெஸ்ஸி வின்சென்ட் 1996இல் எழுதிய ‘ரிக்வெஸ்ட் டிராக்கர்’ போன்ற மென்பொருள்கள் மின்னஞ்சலில் வரும் முறையீட்டுக்குத் தானாகவே எண் போட்டன.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? பயணச்சீட்டு, நுழைவுச்சீட்டு இரண்டும் பொருந்தா. டோக்கன் என்பது வரிசையில் இடம் பிடிக்கும் எண் மட்டும். அதில் வரலாறு இல்லை. இலங்கையில் வழங்கும் பற்றுச்சீட்டு, பணம் பெற்றதற்கான ரசீது. புகார் என்றால் யாரோ தவறு செய்ததாகத் தொனிக்கும். புது ஊழியருக்கு மின்னஞ்சல் முகவரி கேட்பதில் புகார் ஏது?

ஆனால் ‘சீட்டு’ என்ற அடிச்சொல் மிகச் சரியானது. தெலுங்கின் சீட்டி, இந்தியின் சிட்டி எல்லாம் அதன் உறவுகள்; துண்டுக் குறிப்பைச் சொல்லும் ஆங்கிலத்தின் ‘சிட்’டும் இந்தியாவிலிருந்து போனதே. அரசு மருத்துவமனையின் ஓ.பி. சீட்டை நினைத்துப் பாருங்கள். பெயர், வயது, தேதி, எண். என்ன செய்கிறது என்று நோயாளி சொன்னது. கீழே மருத்துவர் எழுதியது. எந்த அறைக்குப் போனாலும் சீட்டும் கூடவே போகும். கணினிப் பிரிவின் டிக்கெட் செய்வதும் இதையேதான். எனவே பொதுப்பெயராகப் பணிச்சீட்டு; அதற்குள் பழுதுச்சீட்டு, கோரிக்கைச்சீட்டு என்று இரண்டு வகை.

இப்படி வகை பிரிப்பது சொல்லழகுக்காக இல்லை. பிரிட்டிஷ் அரசின் கணினி முகமை 1989 முதல் வெளியிட்ட, கணினிச் சேவையை நடத்தும் முறையைச் சொல்லும் ஐ.டி.ஐ.எல். வழிகாட்டிகள், ஓடிக்கொண்டிருந்த சேவை தடைப்படுவதையும், அதன் பின்னாலுள்ள மூலக் காரணத்தையும் வேறுவேறாகப் பிரித்தன. வழக்கமான கோரிக்கையும் தனி வகை. எல்லாவற்றையும் டிக்கெட் என்ற ஒரே பெயரில் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம்.

இரண்டாம் மாடி பில்லிங் பிரிவில் திங்கள்தோறும் பிரிண்டர் வேலை செய்யாது. ஆள் போய், கணினியில் பிரிண்டரை நீக்கி மறுபடி சேர்த்ததும் ஓடும், சீட்டு முடியும். பதினோரு சீட்டு, பதினொன்றும் கெடுவுக்குள் முடிந்தவை. அறிக்கையில் எல்லாம் பச்சை. உண்மையான காரணம் வேறு. அந்தப் பிரிண்டருக்கு ஐ.பி. முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணை, அத்தகைய எண்களைப் பங்கிடும் டி.எச்.சி.பி. சர்வர் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுக்கிறது. வார இறுதியில் அணைத்துவைத்தால் அந்தக் காலம் தீர்ந்து, திங்களன்று வேறு முகவரி வருகிறது. கணினிகளோ பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கின்றன. பிரிண்டரோடேயே வரும் மாறாத எண்ணான மேக் முகவரியைக் குறித்து, சர்வரில் அதற்கென ஒரு ஐ.பி.யை ஒதுக்கிவிட்டால் தீர்ந்தது. வேலை பத்து நிமிடம். முதல் மூன்று பழுதுச்சீட்டுகளை இணைத்து, மூலக் காரணத்தைத் தேடும் ‘காரணச்சீட்டு’ ஒன்றைத் திறந்திருந்தால் மூன்றாவது வாரத்திலேயே பிடிபட்டிருக்கும். ஒரே எந்திரத்தின் பேரில் மாதத்தில் மூன்று சீட்டு வந்தாலே காரணச்சீட்டு திறக்க வேண்டும் என்று விதி வைப்பது நல்லது.

முன்னுரிமையைக் கேட்பவரின் குரலை வைத்து முடிவுசெய்யக் கூடாது. எத்தனை பேரின் வேலை நிற்கிறது, எவ்வளவு நேரம் தாங்கும் என்ற இரண்டு கேள்விகளின் விடையே முன்னுரிமை. நடுத்தர அலுவலகத்துக்கு இப்படி வைக்கலாம்: எல்லோருக்கும் நெட்வொர்க் போனால் 15 நிமிடத்தில் பதில், 4 மணி நேரத்தில் தீர்வு, ஒருவருடைய கணினி பழுதென்றால் 4 மணி நேரத்தில் பதில், 2 வேலைநாளில் தீர்வு. ஆங்கிலத்தில் ‘சர்வீஸ் லெவல் அக்ரிமென்ட்’ எனப்படும் இதைச் ‘சேவை நிலை ஒப்பந்தம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிடச் ‘சேவைக் கெடு’ என்றால் கேட்டவுடன் புரியும். ‘பயனர் பதிலுக்குக் காத்திருப்பு’ நிலையில் கெடுவின் கடிகாரம் நின்றுவிடும். அங்கேதான் சீட்டுகள் ஒளித்துவைக்கப்படுகின்றன. மேலாளர் வாரம் ஒரு முறையாவது அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும்.

யார் எத்தனை சீட்டு முடித்தார்கள் என்று எண்ணி மதிப்பிடுவதும் தவறு. கடவுச்சொல் மாற்றுவது போன்ற இரண்டு நிமிட வேலைகளை எல்லோரும் அள்ளிக்கொள்வார்கள். கடினமான சீட்டு மூலையில் கிடக்கும். பார்க்க வேண்டியது நிலுவையின் வயது. நாளுக்கு 40 சீட்டு வந்து 38 முடிந்தால் யாருக்கும் உறைக்காது. ஆனால் 22 வேலைநாளில் 44 சீட்டு தேங்கியிருக்கும், அதாவது ஒரு முழு நாள் வேலைக்கும் மேல்.

கோரிக்கைச்சீட்டில் தவறவே கூடாதது ஊழியர் விலகல். மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு சீட்டு வந்தால், அதன்கீழ் மின்னஞ்சல், வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் வழியான வி.பி.என்., கணக்கு மென்பொருள், வாசல் அட்டை, மடிக்கணினி எனத் தனித்தனித் துணைச்சீட்டுகள் பிரிய வேண்டும். கணக்கு முடக்கங்கள் கடைசி நாளன்றே முடிய வேண்டும். மொத்தத்துக்கும் ஒரே சீட்டாக இருந்தால், மடிக்கணினி கைக்கு வந்ததும் அதை முடித்துவிடுவார்கள், வி.பி.என். கணக்கு உயிரோடு இருக்கும்.

இனி வினைகள். டிக்கெட்டை ‘ரைஸ்’ செய்வதைச் சீட்டை எழுப்புவது என்று எழுத வேண்டாம். ‘சீட்டுப் போடு’ என்பதே வழக்கோடு ஒட்டுகிறது. ‘அசைன்’ என்பதற்கு ‘பெயருக்கு மாற்று’, ‘எஸ்கலேட்’ என்பதற்கு ‘மேலே அனுப்பு’, ‘பேக்லாக்’ என்பதற்கு ‘நிலுவை’. ‘குளோஸ்’ என்பதற்குக் கணக்கை முடிப்பது போலச் ‘சீட்டை முடி’ எனலாம். ‘சீட்டைக் கிழி’ மட்டும் ஆகாது. அது வேலையை விட்டு நீக்குவதற்கு ஏற்கெனவே வழங்கும் சொல்.