இனப்படுகொலையா, இனவழிப்பா?

வரலாற்றுப் பாடக் குறிப்புகளில் 'ஜெனோசைட்' என்ற ஆங்கிலச் சொல் பெரும்பாலும் 'இனப்படுகொலை' என்றே பெயர்க்கப்படுகிறது. மாணவரும் 'ஓர் இனத்தவரைப் பெருந்தொகையாகக் கொல்லுதல்' என்று ஒரு வரியில் மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகின்றனர். பாடநூலில் நிற்க வேண்டிய சொல் 'இனவழிப்பு' என்பதே என் உறுதியான கருத்து.

மூலச்சொல் பழமையானதன்று. இனம், குலம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு கொல்லுதலைக் குறிக்கும் இலத்தீன் ஈற்றைச் சேர்த்து, போலந்து யூதரான சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின் 1944இல் வெளியான தம் நூலில் அதனை அறிமுகப்படுத்தினார். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை அக்குற்றத்தைத் தடுத்துத் தண்டிப்பதற்கான உடன்படிக்கையை ஏற்றது.

மூலத்திலேயே கொலை இருக்கும்போது 'படுகொலை' எப்படித் தவறாகும் என்று கேட்பவர்கள், உறுப்புகளைப் பெயர்த்தால் பொருளும் வந்துவிடும் என்று நம்புகிறார்கள். ஓரினத்தின் வாழ்வுக்கு ஆதாரமானவற்றை ஒவ்வொன்றாகத் தகர்க்கும் திட்டத்தையே லெம்கின் அச்சொல்லால் குறித்தார். உடன்படிக்கை கூறும் ஐந்து செயல்களில் கொலை ஒன்றுதான். கடும் உடல், மனக் கேடு விளைவித்தல், உயிர்வாழ முடியாத நிலைமைகளை வேண்டுமென்றே சுமத்துதல், பிறப்பைத் தடுத்தல், குழந்தைகளைப் பறித்து வேறு கூட்டத்தாரிடம் சேர்த்தல் ஆகியவை ஏனைய நான்கு. இன்றைய நமீபியாவில் 1904இல் ஜெர்மானியப் படை ஹெரேரோ மக்களை ஒமாஹேக்கே பாலைக்குள் விரட்டி, நீர்நிலைகளுக்குத் திரும்பும் வழியை அடைத்தது. தாகத்தாலேயே எண்ணற்றோர் மாண்டனர். 1915இல் ஒட்டோமான் பேரரசில் ஆர்மீனியக் குழந்தைகள் பலர் பிற குடும்பங்களில் சேர்க்கப்பட்டு, பெயரும் மதமும் மாற்றப்பட்டனர். 'படுகொலை' என்று படித்த மாணவர் இங்கெல்லாம் துப்பாக்கியையும் வாளையும் மட்டுமே தேடுவார். 1919இல் ஜாலியன்வாலா பாகில் நடந்தது படுகொலை. அதைவிடப் பெரிய எண்ணிக்கைக்குத்தான் 'இன' என்ற முன்னொட்டு என்று அவர் எண்ணினால், பிழை அவருடையதன்று.

'அழிப்பு' வலுவற்ற சொல் என்பாரும் உளர். அழிவு தானாகவும் நேரும். அழிப்புக்கோ அழிப்பவர் ஒருவர் வேண்டும். குற்றத்தின் உயிர்நிலையான நோக்கத்தை இலக்கணமே இங்கு ஏந்தி நிற்கிறது. அதனால்தான், சிலர் எழுதும் 'இன அழிவு' செய்தவனை மறைத்துவிடும் சொல் என்கிறேன். மதக் குழுக்களையும் காக்கும் உடன்படிக்கைக்கு 'இனம்' பொருந்துமா என்ற ஐயத்துக்கும் இடமில்லை. திருக்குறளின் 'சிற்றினஞ்சேராமை'யில் இனம் என்பது குருதி உறவன்று, சேர்ந்து வாழும் கூட்டம்.

எல்லாவற்றிலும் கொடிய பெயர்ப்பு, ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவைப் பற்றி எழுதும்போது இடப்படும் 'இனக்கலவரம்'. 1994 ஏப்ரலிலிருந்து ஏறத்தாழ நூறு நாள்களில் லட்சக்கணக்கான துட்சி இனத்தவர் கொல்லப்பட்டதை, ஹூட்டு, துட்சி என்ற இரு தரப்பும் அடித்துக்கொண்ட சண்டையாக அது காட்டிவிடுகிறது. செய்தியின் அவசரத்தில் பிறந்த அச்சொல்லைப் பாடம் எழுதுவோரும் சரிபாராமல் எடுத்தாள்வதைப் பொறுக்க முடியவில்லை. சாலைத் தடைகளில் கொலையாளிகள் கேட்டுப் பார்த்தது அடையாள அட்டையை. ஹூட்டு, துட்சி என்று அதில் இனம் குறிக்கும் வழக்கத்தை 1930களில் ஏற்படுத்தியது பெல்ஜிய ஆட்சி. வகுப்பில் ருவாண்டாவைக் கற்பிக்கும் ஆசிரியர் 1994இலிருந்து அல்ல, அந்த அட்டையிலிருந்து தொடங்க வேண்டும்.