பனி மேல் பழி போடாதீர்கள்

மார்கழி பிறந்தால் போதும், "பனியில நின்னேன் டாக்டரம்மா, அதான் காய்ச்சல்" என்ற பேச்சு என் கிளினிக்கில் தொடங்கிவிடும். போன வாரம் ஒரே நாளில் மூன்று பேர் சொன்னார்கள். மூன்றாவது ஆளுக்குப் பிறகு எனக்குப் பொறுமை போய்விட்டது.

அந்த மூன்றாவது ஆள் சென்னையில் வேலை பார்க்கும் பெண். அரையாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள அம்மா வீட்டுக்கு வந்து போயிருக்கிறார். திரும்பிப் போன ஒரு வாரத்தில் காய்ச்சல். மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கை மூன்று நாள் விழுங்கிவிட்டு, பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர் நேராக என்னிடம் வந்தார். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை என்று கையில் ரிப்போர்ட். பேசும்போதே மூச்சு வாங்கியது.

உடம்பைப் பார்க்க வேண்டும் என்றதும் அவருடைய அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. காய்ச்சலுக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்டார். சுடிதார் நாடா அழுத்தும் இடத்துக்குச் சற்றுக் கீழே பட்டாணி அளவில் ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். சிகரெட்டால் சுட்டதுபோல இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனால் அவருக்கே தெரியவில்லை.

அவருக்கு வந்திருந்தது ஸ்க்ரப் டைஃபஸ். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள், இந்தப் பெயர்தான் எனக்குப் பெரிய தலைவலி. பெயரைச் சொன்ன உடனே வீட்டுக்குப் போய் நாயைக் குளிப்பாட்டுகிறார்கள், மாட்டுக்கு மருந்து அடிக்கிறார்கள். நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் நாய்க் காதிலும் மாட்டு மடியிலும் ரத்தம் குடித்து உப்பிக் கிடக்கும் உண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதைப் பரப்புவது வேறு பூச்சி. அதிலும் வளர்ந்தது கடிக்காது, அதன் குஞ்சுதான் கடிக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும், கண்ணுக்கே தெரியாது. புல்லிலும் புதரிலும் காத்திருந்து எலி மேல் ஏறும். எலி கிடைக்காவிட்டால் நம் மேல். துணி இறுக்கும் இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். அது கடித்த இடம்தான் அந்தக் கறுத்த பொருக்கு. ரத்தம்கூடக் குடிக்காது, தோலின் திசுவைக் கரைத்து உறிஞ்சும். அப்போது உள்ளே இறங்குவதுதான் ஒரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற கிருமி. நாய் பாவம், விட்டுவிடுங்கள்.

பனிக்கும் இதில் ஒரு பங்கும் இல்லை. மழைக்குப் பிறகு புல் அடர்ந்து வளர்வதும் இந்தப் பூச்சி பெருகுவதும் பனிக்காலத்தோடு சேர்ந்து வருகின்றன, அவ்வளவுதான். கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் காய்ச்சல் வரலாம். அதற்குள் தோட்டத்துக்குப் போனது மறந்தே போயிருக்கும்.

அந்தப் பெண் போனில் படங்களைக் காட்டினார். அவரைப் பந்தலில் சிலந்தி வலை, இழைக்கு இழை பனித்துளி. மோட்டார் தண்ணீர் விழும் தொட்டியில் ஆவி பறக்கிறது. அதற்கடுத்த படத்தில் முழங்கால் உயரப் புல் மண்டிய வரப்பில் சம்மணம் போட்டு அமர்ந்து சிரிக்கிறார். நானும் இப்படி ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள்தான். விடிகாலையில் கிணற்று மேட்டில் நின்றால் துவரைப் பூவின் மஞ்சள் மட்டும் பனிக்குள் மெல்லத் தெரியும். அதைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. போங்கள். நின்று பாருங்கள், புல்லில் உட்காராதீர்கள். உட்கார்ந்தே தீரவேண்டும் என்றால் தார்பாய் விரியுங்கள். முழுக்கை சட்டை, பேன்ட், காலுறை, பேன்ட்டின் நுனி காலுறைக்குள். பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை. துண்டையும் ஸ்வெட்டரையும் செடி மேல் போட்டுவிட்டு எடுத்துக் கட்டிக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள். புதர்ப் பக்கம் ஒதுங்காதீர்கள், வீட்டில் கழிப்பறை இருக்கிறது. திரும்பியதும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள், போட்டிருந்த துணியை அப்படியே வெந்நீரில் ஊறப் போடுங்கள். பிள்ளைகளின் அக்குளையும் காதுக்குப் பின்புறத்தையும் நீங்களே பாருங்கள்.

இளம் டாக்டர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பொருக்கு எல்லோருக்கும் இருக்காது. இல்லை என்பதற்காக நோயே இல்லை என்று அனுப்பிவிடாதீர்கள்.

நேரத்துக்கு வந்தால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் போதும், பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். விலையும் குறைவு. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் இருக்கிறது. ஆனால் மெடிக்கலில் கேட்டு வாங்கும் அமாக்ஸிசிலினும் செஃபிக்ஸிமும் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது, நாள்தான் வீணாகும். இரண்டாவது வாரத்தில் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும். அந்தப் பெண் நான்கு நாள் ஆக்சிஜனில் இருந்துதான் தப்பினார்.

உங்களிடம் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்து, அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் தோட்டம், வயல், மலை என்று எங்காவது போயிருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். பனியைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.